உப்பில் தொட்ட ரொட்டி: பாக்தாதிலிருந்து பினாங்கு வரை ஒரு யூத மறைஞான மரபு

யூத மறைஞான மரபுக்குக் கபாலா என்று பெயர். காட்டுக்குப் போய்த் தவமிருந்தவர்கள் வளர்த்த மரபன்று அது. மனைவி மக்களோடு வாழ்ந்து, கடை நடத்தி, வரி கட்டியவர்கள் வளர்த்தது. திருமணமாகாதவருக்கும் இளைஞருக்கும் அதைக் கற்பிக்கலாகாது என்ற கட்டுப்பாடுகூடப் பல ஊர்களில் இருந்தது. குடும்பப் பொறுப்பைத் தோளில் சுமக்காதவருக்கு இந்த அறிவு ஆபத்தில் முடியும் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். ஆகவே கை கழுவுவது, ரொட்டியைப் பிட்பது, விளக்கேற்றுவது, பழம் தின்பது போன்ற வீட்டுக் காரியங்களே அந்த ஞானத்தின் களமாயின. மலாயாவின் பாரிட் புந்தாருக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு இம்மரபு பாக்தாத் யூதர்களின் வீட்டு வழக்கமாக வந்து சேர்ந்தது. வந்த வழி மிக நீண்டது.

கபாலாவின் தலைமை நூலான சோகர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் வெளிப்பட்டது. 2ஆம் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த ரபி ஷிமோன் பார் யோகாய் அருளியது என்று மரபு அதைப் போற்றுகிறது. மோசே தெ லெயோன் என்ற ஸ்பானிய அறிஞரின் கை அதில் பெரிதும் இருந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. இறைவனின் எட்டாத உண்மை பத்து நிலைகளாக இறங்கி வந்து உலகத்தைத் தொடுகிறது என்கிறது சோகர். அவற்றுள் கடைசி நிலை ஷெகினா. மனிதர்களோடு குடியிருக்கும் இறைமை அது. பெண்மையின் உருவகத்தில் பேசப்படுவது. தமிழ் வாசகருக்குச் சிவசக்தி உடனே நினைவுக்கு வரும். ஆனால் ஷெகினாவுக்குச் சிலை இல்லை, சன்னதி இல்லை. மக்கள் நாடு கடத்தப்பட்டால் அவளும் கூடவே நாடு கடத்தப்படுகிறாள் என்பதே அவளைப் பற்றிய தனிச் செய்தி.

1492இல் ஸ்பெயின் மன்னரும் அரசியும் மதம் மாறாத யூதர்கள் அனைவரையும் நாட்டை விட்டு வெளியேற்றினர். துருக்கிய சுல்தானின் ஆட்சிப் பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் கலிலேயா மலைமேல் உள்ள சஃபேத் என்ற சிற்றூரில் கூடினார்கள். நெசவும் துணி வணிகமும் அந்த ஊரின் பிழைப்பு. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் யூதச் சட்டத் தொகுப்பின் ஆசிரியர் யோசேப் காரோ, தத்துவ நுட்பம் மிக்க மோசே கோர்தோவெரோ, பாடலாசிரியர் ஷ்லோமோ அல்காபெத்ஸ் ஆகியோர் ஒரே காலத்தில் அங்கே வாழ்ந்தனர். 1570இல் எகிப்திலிருந்து வந்து சேர்ந்த ஈசாக் லூரியா, இரண்டே ஆண்டுகள் போதித்து, 1572இல் கொள்ளை நோயில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. தம் போதனையை அவர் நூலாக எழுதி வைக்கவில்லை. மாணவர் ஹயிம் விட்டால் எழுதி வைத்ததுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

லூரியாவின் போதனை ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறது. எங்கும் நிறைந்திருந்த இறைவன் உலகுக்கு இடம் தரத் தன்னைச் சுருக்கிக்கொண்டான். அந்த வெற்றிடத்தில் பாய்ந்த ஒளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்தன. உடைந்த சில்லுகளோடு ஒளிப்பொறிகளும் சிதறி எல்லாப் பொருள்களிலும் சிக்கிக்கொண்டன. தானியத்தில், கனியில், உப்பில், விறகில், விற்கும் சரக்கில் என அவை இல்லாத இடமில்லை. மனிதன் ஒரு பொருளைச் சரியான முறையில், சரியான நினைவோடு, நன்றி சொல்லிப் பயன்படுத்தும்போது அதில் சிக்கிய பொறி விடுபட்டு மூலத்துக்குத் திரும்புகிறது. உலகத்தைப் பழுது பார்க்கும் வேலை மனிதன் கையில்தான் இருக்கிறது. அதை அவன் சாப்பாட்டு மேசையிலேயே செய்யலாம்.

வீடிழந்து அலைந்த மக்களுக்கு உடைந்த உலகம் என்ற படிமம் ஆறுதலாயிற்று என்றும், லூரியாவின் சிந்தனையே 1492ஆம் ஆண்டுத் துயரத்துக்கான மறுமொழி என்றும் 20ஆம் நூற்றாண்டின் பெரிய ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் எழுதினார். அவருக்குப் பின் வந்த மோஷே ஐடெல் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அந்தக் கருத்துகளின் வேர் ஸ்பெயினிலிருந்து வெளியேறுவதற்கு முன்பே இருந்தது என்றார். தோற்றம் எதுவானாலும், போதனை பரவிய வேகத்துக்குப் புலம்பெயர்ந்தோரின் மனநிலை உதவியது என்று கொள்வதில் தவறில்லை.

சஃபேத்தின் ஞானிகள் கோட்பாட்டோடு நிற்கவில்லை. வெள்ளி மாலை வெள்ளை உடுத்தி ஊருக்கு வெளியே வயலுக்குச் சென்று, ஓய்வுநாளான சபாத்தை மணப்பெண்ணாக எண்ணி எதிர்கொண்டு அழைத்தார்கள். அல்காபெத்ஸ் அதற்கென எழுதிய வரவேற்புப் பாடல் இன்று உலகின் ஏறத்தாழ எல்லா யூத ஜெப ஆலயங்களிலும் வெள்ளிதோறும் ஒலிக்கிறது. நள்ளிரவில் எழுந்து ஷெகினாவின் நாடுகடத்தலுக்காகப் புலம்பும் வழிபாடும் அங்கே வலுப்பெற்றது. அந்த இரவு வழிபாடு பிற ஊர்களுக்குப் பரவியதில் அப்போது புதிதாக வந்த காப்பிக்கும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் எலியட் ஹோரோவிட்ஸ் காட்டியிருக்கிறார்.

இவற்றை அச்சு இயந்திரம் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. சோகர் 1558க்கும் 1560க்கும் இடையில் இத்தாலியின் மாந்துவாவிலும் கிரெமோனாவிலும் அச்சேறியது. அதன்பின் சிறு வழிகாட்டிகளும் வழிபாட்டுப் புத்தகங்களும் வந்தன. அவற்றுள் ஒன்று மரங்களின் புத்தாண்டு நாளில் பழங்கள் உண்பதற்கான முறையைச் சொல்வது; 1753இல் வெனிசில் தனி நூலாக வந்தது. அதன்படி பழங்கள் மூன்று வகை. மாதுளை, வாதுமை போல வெளியே ஓடு உள்ளவை ஒரு வகை. பேரீச்சை, ஒலிவம் போல உள்ளே கொட்டை உள்ளவை அடுத்தது. அத்தி, திராட்சை போல முழுவதும் உண்ணத்தக்கவை மூன்றாவது. ஓடு குறையக் குறையப் பொருள் ஒளிக்கு நெருங்குகிறது என்பது கருத்து. இந்த மூன்று வகைகள் குறிக்கும், ஏறிச்செல்லும் மூன்று உலகங்களையும் ஒரு தட்டில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆசி மொழி கூறி, குடும்பமே உட்கார்ந்து தின்னும் வழிபாடு இது. கீழை நாட்டு யூதர்களிடம் இது மிகவும் ஊன்றியது.

போலந்து, உக்ரைன் பகுதிகளில் 1760இல் மறைந்த பால் ஷெம் தோவின் வழியில் எழுந்த ஹசிதிய இயக்கம், வண்டிக்காரரும் விறகுவெட்டியும் தம் வேலையாலேயே இறைவனை வழிபடலாம் என்று இதே கருத்தை மக்கள் மொழியில் பரப்பியது. மார்ட்டின் பூபரின் நூல்களால் உலகம் அறிந்த கிளை அதுதான். மலாயாக் கரைக்கு வந்தது வேறு கிளை.

அந்தக் கிளையைப் பார்ப்பதற்கு முன் கொச்சியைத் தாண்டிப் போக முடியாது. கேரளக் கரையில் யூதர் வாழ்வுக்குப் பழைய உறுதியான சான்றுகளுள் ஒன்று, கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் வழங்கிய செப்பேடு. ஸ்பெயினிலிருந்து வெளியேறியவர்களும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார்கள். பரதேசி ஜெப ஆலயம் 1568இல் எழுந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த நெகேமியா மோத்தா அந்த ஊரின் கபாலா ஞானி. அவர் இயற்றிய எபிரேயப் பாடல்கள் கொச்சி வழிபாட்டு மரபில் இடம்பெற்று, 1757இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான தொகுப்பிலும் சேர்ந்தன. மட்டாஞ்சேரியில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். நூலில் நுண்மையான தத்துவம் எழுதும் ஒரு மரபின் ஆசிரியர், அடுத்த தெருக்காரர்களுக்குக் குறை கேட்கும் பெரியவராக ஆனது இந்த மண்ணின் இயல்புக்கு ஏற்றதே.

மலாயாவுக்கு வந்த கிளை பாக்தாதுடையது. அங்கே 1835இல் பிறந்து 1909இல் மறைந்த ரபி யோசேப் ஹயிம், பென் இஷ் ஹாய் என்ற தம் நூலின் பெயராலேயே அறியப்படுகிறார். 1859இல் தந்தை இறந்தபின் அவர் இடத்தில் போதகரானார். அரை நூற்றாண்டுக் காலம் சபாத்துதோறும் பெரிய ஜெப ஆலயத்தில் உரையாற்றினார். அதற்குச் சம்பளம் வாங்கவில்லை. அந்த உரைகளின் சாரமாக 1898இல் வெளிவந்த நூலின் அமைப்பே அவருடைய சிந்தனையைக் காட்டிவிடும். ஒவ்வொரு வாரப் பகுதியும் மறைஞான விளக்கத்தோடு தொடங்குகிறது. அடுத்து எழுவதும் உடுப்பதும் உண்பதும் எப்படி என்ற நடைமுறை விதிகள் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஷெகினாவைப் பற்றிய உயர்ந்த பேச்சு முடிந்த இடத்தில் உப்புக்கிண்ணம் வந்து நிற்கும்.

அவர் வழியில் ஒரு வீட்டின் நாள் இப்படிப் போகும். காலையில் எழுந்ததும் கிண்ணத்தில் நீர் எடுத்து வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றி மும்மூன்று முறை ஊற்ற வேண்டும். உறக்கத்தில் படிந்த தீட்டு விரல் நுனி வழியே விலகுகிறது. உணவுக்கு அமர்ந்தால் ரொட்டியைப் பிட்டு மூன்று முறை உப்பில் தொட வேண்டும். மேசை பலிபீடத்துக்கு ஈடு, அக்காலக் கோயிலில் எந்தப் பலியும் உப்பில்லாமல் ஏறியதில்லை. வெள்ளி மாலை தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கும் கண்ணாடிக் கிண்ணங்களில் திரியிட்டு வீட்டுப் பெண் விளக்கேற்றுவாள். மிர்ட்டில் என்னும் நறுமணச் செடியின் கொத்தைக் கையில் பிடித்து மேசையைச் சுற்றி வந்து முகர்வார்கள். முக்கியமான காரியம் எதையும் தொடங்குமுன், இறைவனையும் ஷெகினாவையும் ஒன்றுசேர்க்கும் பொருட்டு இதைச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதும் உண்டு. கபாலாவின் முழுச் சாரமும் அந்த ஒரு அறிவிப்பில் அடங்கிவிடுகிறது. அதைச் சொல்பவருக்கு அதன் தத்துவம் முழுதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சோகர் நூலையே அதன் அரமேய மொழி புரியாமல் ஓதுவதும் புண்ணியம் என்று பாக்தாத் மக்கள் நம்பினார்கள். ஆண் குழந்தையின் விருத்தசேதனத்துக்கு முந்தின இரவிலும் துக்க வீட்டிலும் அந்த நூல் வாசிக்கப்பட்டது.

புரியாமல் ஓதுவதைக் குறையாகச் சொல்வது எளிது. தேவாரத்தையோ திருப்புகழையோ பாட்டியின் வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். பொருள் தெரியாமல் பழகிய ஒலி, வாழ்க்கை கனக்கும் ஒரு நாளில் தன் பொருளைத் தானே திறந்து காட்டுவதுண்டு.

பாக்தாதிலிருந்து கிழக்கே போனவர்கள் வணிகர்கள். 1798இல் கல்கத்தாவுக்கு வந்த ஷாலோம் கோஹென் அலெப்போக்காரர். அவரைத் தொடர்ந்து பாக்தாத் குடும்பங்கள் வந்தன. டேவிட் சசூன் 1830களின் தொடக்கத்தில் பம்பாயில் நிலைகொண்டார். அங்கிருந்து ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் என்று ஒரே சமூகத்தின் கிளைகள் கடல்வழி நெடுக அமைந்தன. அவர்கள் செல்வத்தில் அபினிக்குப் பெரிய பங்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியும் அதே பணத்தில் திளைத்தது. விற்கும் சரக்கிலும் ஒளிப்பொறி உண்டு என்று கற்பித்த மரபுக்கு இதைவிடக் கடினமான சோதனை வந்திருக்க முடியாது.

கல்கத்தாவில் 1840களிலேயே எபிரேய அச்சகம் இயங்கியது. எபிரேய எழுத்தில் அரபு மொழியில் வந்த செய்தித்தாள்களை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்குத் துறைமுகங்களின் யூதர்கள் படித்தார்கள். சட்டச் சந்தேகம் வந்தால் கடிதம் பாக்தாதுக்குப் போகும். ஓய்வுநாளில் சைக்கிள் ஓட்டலாமா என்ற கேள்வி பம்பாயிலிருந்து யோசேப் ஹயிமிடம் போனது. ஓட்டலாம் என்று அவர் விடை தந்தார். பிற ஊர்ச் சட்ட அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. புதிதாய் வந்த எந்தப் பொருளையும் இறைவனுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தி, இதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கும் பழக்கம் அந்தக் கடிதத்தில் தெரிகிறது. கபாலா அன்றாட வாழ்வுக்குத் தந்த கொடை அதுதான்.

சமையலறையும் நாட்டுக்கேற்ப மாறியது. சபாத் இரவு ஆசி கூறுவதற்கு முறைப்படி செய்த திராட்சை மது இந்தியாவில் அரிது. ஆகவே உலர் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றை ஊற்றி ஆசி கூறினார்கள். இறைச்சியோடு பால் சேரக் கூடாது என்ற விதிக்குத் தேங்காய்ப்பால் வழி செய்தது. சபாத்தில் தீ மூட்டக் கூடாது என்பதால் வெள்ளி மாலையே கோழியும் அரிசியும் ஒரு பானையில் கூடித் தணலில் இரவு முழுதும் வெந்தன. கல்கத்தா யூத வீடுகளில் அந்தப் பானையைப் பார்த்துக்கொண்ட சமையற்காரர்கள் பலர் முஸ்லிம்கள்.

பினாங்கின் யூத இடுகாட்டிலுள்ள மிகப் பழைய கல்லறை 1835ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது இருக்கும் தெரு முன்பு யூதர் பெயரால் ஜாலான் யாகுடி எனப்பட்டது. இன்று ஜாலான் சைனால் அபிடின். நூறு சொச்சம் கல்லறைகள் எபிரேய எழுத்தோடு அங்கே நிற்கின்றன. சமூகம் எக்காலத்திலும் சிறியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் 200 பேரைக்கூட எட்டவில்லை. 1895இல் பாக்தாதிலிருந்து வந்த எசேக்கியேல் மனாசே, முப்பது ஆண்டுகளாக மலாயாவில் சமயநெறி பிசகாமல் வாழ்ந்த யூதர் தாம் ஒருவர்தான் என்று சொல்லிக்கொண்டார். அந்தக் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் வீட்டை மையமாகக் கொண்ட மரபு எவ்வளவு தாங்கும் என்பதை அது காட்டுகிறது. குருக்கள் வேண்டாம், கோபுரம் வேண்டாம். கிண்ணமும் உப்பும் விளக்கும் ஆசி மொழியும் தெரிந்த ஒரு வீடு இருந்தால் நாள் நடந்துவிடும்.

பொது வழிபாடு அப்படியன்று. பருவம் எய்திய பத்து ஆண்கள் கூடினால்தான் அது முழுமை பெறும். நாகூரின் பெயர் தாங்கிய நாகூர் சாலையில் 1929இல் ஒரு ஜெப ஆலயம் திறக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது, குடும்பங்கள் சிதறின. போருக்குப் பின் திரும்பியவர்களிலும் பலர் ஆஸ்திரேலியா, இஸ்ரேல், பிரிட்டன், அமெரிக்கா என்று போய்விட்டனர். பத்துப் பேர் சேராத நிலையில் 1976இல் ஜெப ஆலயம் மூடப்பட்டது. வீட்டில் வேரூன்றிய மரபாக இருந்தும், ஊர் இல்லாமல் வீடு மட்டும் அதைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோக முடியவில்லை.

பினாங்கில் யூதச் சமூகம் வாழ்ந்த ஆண்டுகளில் கெரியான் ஆற்றின் கரையில் வேறொரு புலம்பெயர்ந்த சமூகம் தன் அன்றாடத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தது. பாரிட் புந்தாரைச் சுற்றிய கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. பக்கத்து நிலங்கள் 1906இல் முடிந்த கெரியான் நீர்ப்பாசனத் திட்டத்தால் நெல்வயல்களாயின. பிறையிலிருந்து சிரம்பான் வரை 1903இல் இணைந்த ரயில் பாதையும் படகுத்துறையும் இந்த ஊரைப் பினாங்கோடு கட்டிப்போட்டன.

விடியுமுன் பெரட்டு எனும் ஆளெண்ணிக்கைக்கு நின்று, ரப்பர்ப் பால் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தவர்கள் தோட்டத்து எல்லையில் முனீஸ்வரரையும் லயத்துக்கு அருகே மாரியம்மனையும் வைத்துக்கொண்டார்கள். வெள்ளி மாலை லயத்து வாசலிலும் விளக்கு எரிந்தது. ஆயுத பூசையன்று உளியும் வாளியும் கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் ஏற்றன. ஸ்டோரின் இயந்திரங்களுக்கும் மாலை விழுந்தது. வெள்ளி விளக்கு இரு சமூகத்திலும் பெண்ணின் கையில் இருப்பது ஒற்றுமை. வேற்றுமை இதைவிட ஆழமானது. தமிழர் மரபு கருவியையே தெய்வத்தின் இருப்பிடமாகக் கண்டு கும்பிடுகிறது. கபாலா கருவியைக் கும்பிடுவதை விலக்குகிறது. அதற்குப் பொருள் என்பது சிறை. உள்ளே இருப்பதை விடுவித்து மேலே அனுப்ப வேண்டும், அதற்குச் சொல்லும் நினைவும் தேவை. உளிக்குக் குங்குமம் இடும் தொழிலாளியும் ரொட்டியை உப்பில் தொடும் வணிகரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்று சொல்வது இருவருக்குமே நியாயமாகாது. பிழைப்புக்கான வேலை வெறும் பிழைப்பாகவே முடிந்துவிடக் கூடாது என்ற கவலை இருவருக்கும் பொது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது தோட்டத்துத் தெய்வங்கள் பலவும் இடம் மாறின. சில கோயில்கள் மக்களோடு புது இடத்துக்கு வந்தன. பாக்தாத் மரபின் தாயகமும் நிலைக்கவில்லை. 1950, 1951ஆம் ஆண்டுகளில் 1,20,000 அளவிலான யூதர்கள் ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்குப் போயினர். யோசேப் ஹயிமின் நூல்கள் ஜெருசலேமில் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. ஈராக் வழி வந்த குடும்பங்கள் இன்றும் அன்றாட விதிகளுக்கு அவற்றைப் புரட்டுகின்றன. இந்தத் தீபகற்பத்துக்கு மிக அருகில் அந்த வழிபாட்டு முறை உயிரோடிருக்கும் இடம் சிங்கப்பூர். 1878இல் வாட்டர்லூ தெருவில் கட்டிய மகேன் அபோத், 1905இல் மனாசே மேயர் கட்டிய செசெட் எல் ஆகிய இரண்டு ஜெப ஆலயங்களும் அங்கே நிற்கின்றன.